வகுப்பறை ஸ்பானிஷ், சாப்பாட்டு மேசை ஸ்பானிஷ்

என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிநேரத்தில் பாதியை ஸ்பானிஷில் கழித்து வளர்ந்தவள். இப்போது பத்தாம் வகுப்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள், "ஸ்பானிஷ் இம்மர்ஷனில் சேர்க்கலாமா? இங்கிலீஷ் அடிவாங்காதா? தமிழ் போய்விடாதா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், இம்மர்ஷன், அதாவது பாடங்களையே வேறொரு மொழியில் நடத்துவது, இங்கே எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2008ல் மாநில அரசு சட்டம் போட்டு இதற்கு வழி செய்தது. அப்போது ஆளுநராக இருந்த ஜான் ஹன்ட்ஸ்மன் தானே சீன மொழியான மாண்டரின் பேசுபவர். அரசுப் பள்ளிகளிலேயே நடப்பதால் கட்டணம் இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் நடக்கும். இரண்டு டீச்சர்கள், இரண்டு அறைகள்: ஒன்றில் இங்கிலீஷ், மற்றதில் ஸ்பானிஷ். நாளின் நடுவில் பிள்ளைகள் அறை மாறிக்கொள்வார்கள். ஸ்பானிஷ் என்பது தனிப் பாடம் இல்லை. சின்ன வகுப்புகளில் கணக்கே ஸ்பானிஷில்தான்.

என் மகளுக்கு முதலில் வாய்த்த டீச்சர் ஸ்பெயினிலிருந்து வந்தவர். அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் பல அமெரிக்க மாநிலங்களுக்கு இப்படி ஆசிரியர்களை அனுப்பிவைக்கிறது. அவர் பிள்ளைகள் முன் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் பேசமாட்டார். கோட்டைக் கழற்றி மாட்டு என்று சொல்ல வேண்டுமானால், தன் கோட்டைக் கழற்றி மாட்டிக்காட்டிக்கொண்டே சொல்வார். ஆரம்பத்தில் இவள் வாயே திறக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அப்புறம் ஒருநாள், சமையலறை மேசையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், விரலை மடக்கியபடி "தியெசிசியெத்தே, தியெசிசெயிஸ்..." (பதினேழு, பதினாறு) என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். யாரும் கேட்காதபோதும் அவள் அந்த மொழியில் எண்ணுகிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இதில் தனி அனுகூலம் உண்டு. ஸ்பானிஷின் 'த'வும் 'ர'வும் நம் பிள்ளைகளின் நாக்கில் முன்பே இருப்பவை. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த பிள்ளைகள், ஸ்பானிஷிலும் அப்படியே வரும் 'எனக்குப் பிடிக்கும்' என்கிற வாக்கிய அமைப்பில் தடுமாறும்போது, நம் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது. தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே தமிழைத் தின்பது ஸ்பானிஷ் இல்லை, இங்கிலீஷ். வீட்டில் தமிழ் பேசுங்கள், போதும்.

இங்கிலீஷ் கவலைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. 1965ல் கனடாவின் மாண்ட்ரியல் அருகே, செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், இங்கிலீஷ் பேசும் பெற்றோர்கள் போராடி, தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு இம்மர்ஷன் வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்தார். இங்கிலீஷில் தொடக்கத்தில் இருந்த பின்னடைவு பிறகு சரியாகிவிட்டது. அந்த மாதிரியை வைத்துத்தான் 1971ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் இம்மர்ஷன் தொடங்கியது.

கனடாவிலிருந்து இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் 1980களில் காட்டியது: இந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்த மொழிக்காரர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறார்கள், பேசுவதிலும் எழுதுவதிலும் இல்லை. வகுப்பில் வாயைத் திறந்து நீளமாகப் பேசவேண்டிய தேவையே அவர்களுக்கு அதிகம் வருவதில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

ஸ்பெயினின் ஸரகோஸா நகரத்துக்குப் போனபோது என் மகள் இதை நேரில் அனுபவித்தாள். மாணவர் பரிமாற்றம். இவள் அங்கே ஒரு வீட்டில் தங்கவேண்டும், அந்த வீட்டுப் பெண் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒன்பதாம் வகுப்பிலேயே கல்லூரித் தரத்திலான ஏ.பி. ஸ்பானிஷ் தேர்வு எழுதித் தேறியவள் இவள். எரிமலை எப்படி வெடிக்கிறது என்று ஸ்பானிஷில் விளக்குவாள். ஆனால் முதல் ராத்திரி, எப்ரோ பள்ளத்தாக்கில் வீசும் அந்தச் சியெர்சோ காற்றில் குளிர் தாங்காமல், இன்னொரு போர்வை கேட்க அவளுக்குச் சொல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போர்வைக்கு ஏது வேலை!

மதியச் சாப்பாடு மூன்று மணியை ஒட்டி, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேல். நாங்கள் சைவம் என்று முன்பே எழுதியிருந்தோம். ஆனாலும் பருப்புக் குழம்பில் சொரீஸோ என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் மிதந்தன. பருப்புதானே என்று அந்த வீட்டு அம்மா நினைத்திருக்கிறார். எடுத்துவிட்டால் போதாது, சேர்த்து வேகவைத்ததையே சாப்பிடமுடியாது என்பதை, அவர் மனம் நோகாமல் இவள் விளக்கவேண்டியிருந்தது. எந்தப் பாடப்புத்தகமும் அப்படி ஒரு பயிற்சி தராது. மறுநாளிலிருந்து இறைச்சி இல்லாத, ஆம்லெட் மாதிரியான உருளைக்கிழங்கு தோர்த்தீயா வந்தது. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்றதும் இவளுக்குச் சங்கடம். "எப்படிம்மா, உங்க வயசு அவங்களுக்கு" என்று போனில் கேட்டாள். கொஞ்ச நாளில் பழகிவிட்டாள்.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது சாப்பிட்டு முடித்தபின் நடக்கும் பேச்சைப் பற்றி. தட்டு காலியானாலும் யாரும் எழுந்திருக்கமாட்டார்களாம். தாத்தா, பாட்டி, மாமா எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வகுப்பில் கை தூக்கினால் டீச்சர் காத்திருப்பார். இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வாக்கியத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். தப்போ சரியோ நடுவில் புகுந்து பேசினால்தான் உண்டு. புகுந்தாள். மாமா சிரித்துக்கொண்டே திருத்தினார், அவள் மேலே பேசினாள். ஊர் திரும்பியபோது அவள் பேச்சின் வேகமே வேறாக இருந்தது.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதை நானே பார்த்தேன். தோசைக்கு இரண்டு சட்னி ஏன் என்பதிலிருந்து ஆரம்பித்து, சாப்பிட்ட கையைக் கழுவாமலே இரண்டு பேரும் வெகுநேரம் பேசுவார்கள். நான் பாத்திரம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றும் வாய்ஸ் மெசேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வருத்தம் ஒன்றுதான். இம்மர்ஷன் இலவசம், பரிமாற்றம் அப்படி இல்லை. விமானச் செலவு தாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்தச் சாப்பாட்டு மேசை கிடைக்கிறது. இதற்கு உள்ளூரிலேயே வழி உண்டு. மயாமியின் கோரல் வே பள்ளியில் 1963லேயே கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளும் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளும் ஒன்றாக இரண்டு மொழியிலும் படித்தார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் கலந்த அத்தகைய வகுப்புகள் யூட்டாவிலும் சில பள்ளிகளில் இருக்கின்றன.

அதனால் பள்ளி தேடும்போது இரண்டு விஷயம் விசாரியுங்கள். வகுப்பில் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஆறாம் வகுப்புக்குப் பிறகும் இது தொடர்கிறதா? பிள்ளையை வெளிநாடு அனுப்ப வசதி இல்லையென்றால், வருகிற பிள்ளைக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுக்கமுடியுமா என்று பாருங்கள். ஒரு கட்டில் போட இடம் இருந்தால் போதும். சைவம் என்பதை மட்டும் முதல் கடிதத்திலேயே நன்றாக விளக்கி எழுதிவிடுங்கள்.