தொப்பியில் சொட்டிய தண்ணீர்

நேற்று ராத்திரி ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்தை மறுபடியும் பார்த்தேன். ஆரம்பத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கும் மூன்று துப்பாக்கிக்காரர்களில் மொட்டைத்தலை உயரக்காரர் ஒருவர் இருப்பாரே, அவர்தான் வுடி ஸ்ட்ரோட். மேலேயிருந்து அவர் தலையில் தண்ணீர் சொட்டுகிறது. மனுஷன் நகரவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான். கடைசியில் தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த தண்ணீரை நிதானமாகக் குடிக்கிறார். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. ரயில் வந்த கொஞ்ச நேரத்தில் ஆள் காலி!

இவர் அடிப்படையில் அமெரிக்கக் கால்பந்து வீரர். கல்லூரி அணியில் கூட ஆடியவர்கள் கென்னி வாஷிங்டனும், பின்னாளில் பேஸ்பாலில் பெரும்பேர் எடுத்த ஜாக்கி ராபின்சனும். 1934 முதல் 1945 வரை அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரு கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. 1946-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி வாஷிங்டனையும் இவரையும் சேர்த்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. இவருக்கு அங்கே கிடைத்தது ஒரே ஒரு சீசன். அப்புறம் கனடா போய், கால்கரி அணியோடு 1948-ல் கனடியக் கால்பந்தின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையை வென்றார். நடுவில் மல்யுத்தம் வேறு.

இயக்குநர் ஜான் ஃபோர்டு 1960-ல் ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ படத்தை எடுத்தார். ரட்லெட்ஜாக நடித்தவர் இவர்தான், மொத்தக் கதையும் இவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஆனால் பெயர்ப் பட்டியலில் நாலாவது இடம். எனக்கு இன்னும் எரிச்சல்தான். பார்க்காதவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.