11-க்குத் திருகினால் என்ன ஆகும்?

ராப் ரைனர் 1984-ல் எடுத்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்', இல்லாத ஒரு ராக் குழுவை நிஜம்போலவே காட்டிய படம். அதில் கிதார்காரர் தன் ஆம்பை (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை) பெருமையாகக் காட்டுவார். எல்லாத் திருகிலும் எண் 10-க்குப் பதில் 11 வரை இருக்கும். அந்த ஒரு காட்சி எங்கெல்லாமோ போய்விட்டது. மார்ஷல் கம்பெனி 20 வரை எண் போட்ட ஆம்பை விற்றது, விளம்பரத்துக்கு அதே நடிகர். பிபிசியின் வீடியோ தளமான ஐபிளேயரில் வால்யூம் 11 வரை போகும். 2002-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் 'அப் டு லெவன்' (11 வரை) என்ற சொல் ஏறியது.

கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பிகளில் மைக் செட் போடுபவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. கம்பத்தாட்டம் சூடுபிடித்ததும் "அண்ணா, இன்னுங் கொஞ்சம் ஏத்துங்ணா" என்று ஒரு குரல் வரும். ஏற்றினால் சத்தம் கூடாது, கரகரப்புத்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பவர் 10 மடங்கு, 100 வாட் ஓடும் இடத்தில் 1000 வாட். அவ்வளவு கொடுக்க முடியாத ஆம்ப், அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கி அனுப்பும். அதில் கிளம்பும் கீச்சு அதிர்வுகள் நேராக ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு) போய், முடிபோன்ற அதன் கம்பிச் சுருளைச் சுட்டுவிடும். ஸ்பீக்கர் பாக்ஸில் பேஸ் மட்டும் கேட்டு, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் ட்வீட்டர் போயிற்று என்று அர்த்தம்.

ஆம்பின் திருகைக் குறைத்து வைத்தால் பாக்ஸ் தப்பிக்கும் என்று நினைப்பதும் தவறு. அது உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கும். மைக்குகளின் ஒலியைச் சேர்த்து ஆம்புக்கு அனுப்பும் மிக்சர் முட்டித் தள்ளினால் ஆம்ப் அப்போதும் முழுப் பவரைக் கொடுக்கும். முறை இதுதான்: மிக்சரில் ஃபேடர் (மேலும் கீழும் நகர்த்தும் கட்டை) 0 என்ற குறியில் நிற்கட்டும். பாடுபவர் உரக்கப் பாடும்போது கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் திருகை) ஏற்றி, சிவப்பு விளக்கு மினுங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். அதன்பிறகே ஆம்ப். இன்னும் வேண்டுமென்றால் மைக்கை வாய்க்குப் பாதித் தூரம் நெருக்கினாலே 6 டெசிபல் கிடைக்கும், மைக் ஊளையிடுவதும் குறையும். பாக்ஸ் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தே நிற்க வேண்டும்.

படத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. 18 அடி ஸ்டோன்ஹெஞ்ச் கல் வேண்டிய மேடைக்கு 18 இஞ்ச் கல் வந்து இறங்கும். தாளில் எண்ணுக்குப் பக்கத்தில், அடியைக் குறிக்கும் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இஞ்சைக் குறிக்கும் இரட்டைக் கோடு போட்டதுதான் காரணம். ஃப்ளெக்ஸ் கடைக்கும் மேடைக்காரருக்கும் அளவு கொடுக்கும்போது கோடு வேண்டாம். 'அடி' என்று எழுத்தாகவே எழுதிக் கொடுங்கள்.