லியான் மெக்காலிஃபின் வலக்கை

ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் இடக்கையின்மேல்தான் போய் நிற்கும். மடியில் கிடத்திய கிட்டாரின் கம்பிகள்மேல் அந்தக் கை ஓர் எஃகு உருளையை வழுக்கிக்கொண்டே போக, சுரம் சுரத்தோடு ஒட்டிக் குழைந்து வருவதைக் கேட்கும்போது, கருவியின் உயிர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1917இல் பிறந்த லியான் மெக்காலிஃப். ஃபிடில் கலைஞர் பாப் வில்ஸின் டெக்சாஸ் பிளேபாய்ஸ் என்ற நடன இசைக்குழுவில் அவர் வாசித்த பழைய பதிவுகளைக் கேட்கக் கேட்க, அவருடைய வலக்கையின்மேல் எனக்கு உள்ள மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

யாங்கூனில் வளர்ந்த எனக்கு மடிக் கிட்டார் அந்நியக் கருவி அன்று. ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞரால் பரவிய இந்த வாசிப்பு முறை, கடல் கடந்து பர்மாவுக்கும் வந்து இங்கே வேரூன்றிவிட்டது. பியானோவையும் வயலினையும் தம் மரபிசைக்கு வளைத்துக்கொண்ட பர்மியர்கள், கிட்டாரையும் மடியில் கிடத்தித் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். அனோரதா சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் மாலை நேரங்களில் அதை வாசிப்பார். பர்மிய வழக்கப்படி நாங்கள் எல்லோரும் அவரை ஊலே என்றே அழைப்போம். காளியம்மன் கோயில் திருவிழாவில் நாகசுரக்காரர் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஜாருவாக இறங்கும்போது எனக்குள் என்ன நிகழுமோ, அதுவே ஊலேயின் கிட்டாரைக் கேட்டபோதும் நிகழ்ந்தது. ஆகவே ஜாருதான் இந்தக் கருவியின் கலை என்று நான் முடிவுகட்டியதில் வியப்பில்லை.

வயது முப்பதைத் தாண்டிய பிறகு நானும் ஒரு பழைய கிட்டாரை வாங்கி, கம்பிகளை மேலே தூக்கிக் கட்டி, வாசிக்க முயன்றேன். ஒரு மாதத்துக்குப் பின்னும் என் வாசிப்பு குழைந்துபோன சோற்றைப் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு சுரமும் சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எது எங்கே முடிந்தது என்றே தெரியாமல் இரைந்தது. ஊலே கதவோரத்தில் நின்று சற்று நேரம் கேட்டார். பிறகு உள்ளே வந்து, என் இடக்கையைப் பார்க்கவே இல்லை. என் வலக்கையைப் பிடித்து, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை விளிம்பைக் கம்பிகள்மேல் அமர்த்தி வைத்தார். "தா, அடுத்ததை மீட்டுவதற்கு முன்னால் இதை நிறுத்து" என்று பர்மிய மொழியில் சொன்னார். தா என்பது மகன் என்பதற்கு அவர்கள் சொல். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணக் கிட்டாரில் அழுத்திய விரலைத் தளர்த்தினால் அந்தச் சுரம் நின்றுவிடும். ஸ்டீல் கிட்டாரில் அழுத்தும் விரலே கிடையாது. உருளை எல்லாக் கம்பிகளின்மேலும் ஒருசேரக் கிடக்கிறது. முதலில் மீட்டிய கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, அடுத்த சுரத்துக்காக உருளையை நகர்த்தினால், பழைய சுரமும் கூடவே இழுபட்டு வந்து ஊளையிடும். அதனால் வலக்கை ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது: விரலில் மாட்டிய நகத்தால் மீட்ட வேண்டும், மீட்டிய மறுகணமே உள்ளங்கை விளிம்பால் அதை அமர்த்தவும் வேண்டும். நிதானமான பாடலில் இது பெரிய காரியம் அன்று. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடும் கூடத்தில், ஆட்டக்காரர்களின் காலுக்கு ஈடுகொடுத்து ஓடும் காலப்பிரமாணத்தில், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நறுக்கி வைப்பதற்கு எத்தனை ஆண்டுச் சாதகம் தேவை என்பது வாசித்துத் தோற்றவர்களுக்குத்தான் தெரியும்.

மெக்காலிஃப் அதை இளம் வயதிலேயே செய்துகாட்டினார். 1933இல், 16 வயதில், ஒரு மாவு ஆலையின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்துவந்த லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் குழுவில் சேர்ந்தார். 1935இல் பாப் வில்ஸ் அவரைத் தம் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில் கெய்ன்ஸ் பால்ரூம் என்ற நடனக் கூடமும், கே.வி.ஓ.ஓ. வானொலியின் நண்பகல் ஒலிபரப்பும் அந்தக் குழுவுக்குத் தாய்வீடாக இருந்தன. நாட்டுப்புற ஃபிடிலும், கறுப்பின மக்களின் புளூஸும், நகரத்து ஜாஸும், மெக்சிகோ எல்லையிலிருந்து வந்த மெட்டுகளும் ஒரே மேடையில் கலந்த இசை அது. வெஸ்டர்ன் ஸ்விங் என்ற பெயர் அதற்குப் பின்னால்தான் வாய்த்தது. ஃபிடில்கள், டிரம், பியானோ, ஊதுகருவிகள் எல்லாம் முழங்கும் கூடத்தில் மரக் கிட்டாரின் ஒலி முன்வரிசையைக்கூட எட்டாது. 1932 வாக்கில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினிய மின்கிட்டார்தான் அந்த வழியைத் திறந்தது. வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு வாணலி என்றே பெயர் விழுந்துவிட்டது.

மின்னொலியில் ஸ்டீல் கிட்டாரை முதலில் இசைத்தட்டில் ஏற்றியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் மெக்காலிஃப் அல்லர், பாப் டன். ஃபோர்ட் வொர்த் நகரத்து மில்டன் பிரவுனின் குழுவோடு 1935 ஜனவரியில் அவர் சிகாகோவில் வாசித்த பதிவுகளை நான் மரியாதையோடு கேட்கிறேன். டிராம்போனும் வாசிக்கத் தெரிந்த அவர், கிட்டாரையும் டிராம்போனைப் போலவே குத்திக் குத்திப் பேசவைத்தார். துணிச்சலில் டன்னை மிஞ்ச ஆளில்லை. ஆயினும் என் மனம் மெக்காலிஃபிடம்தான் திரும்பித் திரும்பிப் போகிறது. டன் வாசிக்கும்போது டன்னை மட்டுமே கேட்கிறேன். மெக்காலிஃப் வாசிக்கும்போது அவரோடு சேர்ந்து டிரம்மையும் பியானோவையும்கூடத் தெளிவாகக் கேட்க முடிகிறது. சுரத்தை முடிக்க வேண்டிய இடத்தில் அவர் முடித்துவிடுவதால், அந்த இடைவெளியில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுதான் அல்லவா?

அவருக்குத் தனி ஆவர்த்தனம் வரும்போது பாப் வில்ஸ் "டேக் இட் அவே, லியான்" என்று குரல் கொடுப்பார். பாட்டின் நடுவிலேயே "ஆ... ஹா" என்று நீட்டிக் கூவுவதும் வில்ஸின் வழக்கம். மேலை இசைக்குப் பழகிய சிலருக்கு இது இடையூறாகத் தோன்றலாம். கச்சேரியில் ஒரு நல்ல பிடி விழுந்ததும் "பலே" என்று வாய்விட்டுச் சொல்லும் நம்மவர்களுக்கு அதில் விந்தை ஒன்றும் இல்லை. மேடையிலேயே உட்கார்ந்திருக்கும் முதல் ரசிகர் அவர். அந்தக் குரலைக் கேட்ட பிறகு மெக்காலிஃபின் விரல்களில் ஒரு துள்ளல் கூடுவது என் காதுக்குத் தெரிகிறது.

அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 1936இல் பதிவான ஸ்டீல் கிட்டார் ராக் (Rag). அதைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத பெயர் ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துக் கறுப்பினக் கலைஞர் சில்வெஸ்டர் வீவர், 1923இலேயே கிட்டார் ராக் என்ற தலைப்பில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெட்டின் வேர் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் விளங்கிவிடும். புகழ் முழுவதும் மெக்காலிஃபின் பெயருக்கே போய்ச் சேர்ந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவரைக் கொண்டாடும் நானே வீவரின் பெயரை மறைத்தால் அது முறையாகாது. அதே சமயம், அந்த மெட்டை ஆயிரம் கால்கள் ஆடத்தக்க நடைக்குக் கொண்டுவந்து, குழைவும் நறுக்கும் மாறி மாறி வரும்படி வாசித்தது மெக்காலிஃபின் உழைப்பு. ஜாரு அதில் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு ஜாருவும் போய்ச் சேர்ந்த இடத்தில் அறுத்தாற்போல் நின்றுவிடுகிறது. மின்சாரம் போன இரவுகளில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதிவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த நிறுத்தங்களை மட்டும் எண்ணிக் கேட்டிருக்கிறேன்.

இசை தெரிந்த நம் வாசகர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெஸ்டர்ன் ஸ்விங் கலைஞர்கள் பலரும் விரும்பிக் கையாண்ட சுருதி அமைப்பில், கம்பிகள் ஸ, க, ப, த என்ற நான்கு சுரங்களில் அமைகின்றன. மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் விட்டுவிட்டால் கிடைப்பது இது. உருளையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கீழ் மூன்று சுரங்களை மீட்டினால் மலர்ச்சியான ஒலிக்கூட்டு வரும். தைவதத்தையும் சேர்த்து ஷட்ஜத்தையும் காந்தாரத்தையும் மீட்டினால் அதே இடத்தில் சோகம் தோய்ந்த ஒலிக்கூட்டு வரும். இடக்கை அசைவதே இல்லை. எந்தக் கம்பிகள் பேச வேண்டும், எவை வாய்மூட வேண்டும் என்று வலக்கைதான் முடிவுசெய்கிறது. நம் கோட்டுவாத்தியமும் இதே போலக் கம்பியின்மேல் கட்டையை ஓட்டி வாசிக்கும் கருவிதான். ஆனால் அங்கே ஒரே கம்பியின் நெடிய ஓட்டத்தில் ராகம் விரிகிறது. இங்கே பல கம்பிகளுக்கு இடையே நடக்கும் தேர்வில் பாட்டு உருவாகிறது. இரண்டையும் நேசிக்கிறவன் என்ற முறையில், ஒன்றை வைத்து மற்றதை அளப்பதை நான் விட்டுவிட்டேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, 1941இல் பதிவான ட்வின் கிட்டார் ஸ்பெஷலை ஊலேக்குப் போட்டுக் காட்டினேன். அதே குழுவின் எல்டன் ஷாம்ப்ளின் சாதாரண மின்கிட்டாரிலும் மெக்காலிஃப் ஸ்டீல் கிட்டாரிலும் ஒரே மெட்டை இரண்டு சுருதிநிலைகளில் இணைத்து வாசித்த பதிவு அது. ஷாம்ப்ளினுக்கு விரலைத் தளர்த்தினால் போதும், சுரம் நின்றுவிடும். மெக்காலிஃப் அதே கணத்தில் உள்ளங்கையை வைத்தாக வேண்டும். பர்மியக் கிட்டாரை வாழ்நாள் முழுவதும் வாசித்த ஊலேக்கு இப்போது விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. உருளையைப் பிடிக்க முடிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய வலக்கை மட்டும் சாய்வுநாற்காலியின் கைப்பிடிமேல் எழுந்து எழுந்து அமர்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் சுரம் நிற்கும் அதே இடத்தில்.

பதிவு முடிந்ததும் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். அவர் நம்பவில்லை, மறுபடியும் போடச் சொன்னார்.