ஆமை திரும்பிய கோணம்

நான் பணியாற்றிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. பிள்ளைகள் 22 பேர். முதலில் கணக்கு விளையாட்டுகளைத்தான் அதில் போட்டுக் கொடுத்தேன். ஒரு கூட்டல், நான்கு விடைகள். சரியானதை அழுத்தினால் கைதட்டல் ஒலிக்கும். வகுப்பே குதூகலித்தது. ஒரு வாரம் கழித்துப் பின்னால் நின்று கவனித்தபோது, யாருமே கூட்டவில்லை என்பது புரிந்தது. கைதட்டல் கேட்கும்வரை நான்கு விடைகளையும் வரிசையாக அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. யோசிக்கத் தேவையில்லாத வேலையைக் கொடுத்தவள் நான்தானே.

அதன் பிறகு லோகோ என்ற கணினி நிரல் மொழிக்கு வந்தேன். 1967இல் அமெரிக்காவில் வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கியது. திரையில் ஓர் ஆமை. 'எஃப்டி 100' என்றால் நூறு காலடி முன்னே போகும். 'ஆர்டி 90' என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் 90 பாகை திரும்பும். போகிற வழியெல்லாம் கோடு விழும். அவ்வளவுதான்.

சதுரம் உடனே வந்துவிட்டது. அடுத்து, எல்லாப் பக்கமும் சமமான முக்கோணம். அதன் கோணம் 60 பாகை என்று கோணமானி வைத்து அளந்திருந்தார்கள். ஆகவே ஒரு சிறுமி 60 என்றே கொடுத்தாள். மூன்று பக்கமும் வரைந்தாயிற்று, முக்கோணம் மூடவில்லை.

"டீச்சர், ஆமை தப்பாகப் போகிறது."

விடையைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "நீயே ஆமையாக நடந்து பாரேன்" என்றேன்.

வராந்தாவில் சுண்ணக்கட்டியால் பெரிய முக்கோணம் போட்டோம். கோட்டின்மேல் நடந்தாள். முனையில் நின்றாள். வந்த திசையையே பார்த்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, அடுத்த கோட்டின் பக்கம் மெல்லத் திரும்பினாள். திரும்பத் திரும்ப, கோடு இன்னும் தள்ளியே இருந்தது. "உள்ளே இருக்கிற கோணம் இல்லை டீச்சர், நான் வெளியே இருக்கிறதைத் திரும்புகிறேன்!" 180இல் 60 போக 120. உள்ளே ஓடி 120 என்று தட்டினாள். முக்கோணம் மூடியது.

அவளுடைய நோட்டில் அந்த 60ஐ நான் சிவப்பு மையால் அடித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கணினி பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்து காட்டியது. பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் காணொலிகளையும் நான் காட்டுவதுண்டு, விளக்கத்துக்கு நல்லவை. ஆனால் காணொலியில் பிள்ளை தவறு செய்ய இடமில்லை.

தவறான அந்த 60ஐ ஒரு பையன் விடவில்லை. இன்னும் மூன்று பக்கம் நடக்கவிட்டான், அறுகோணம் கிடைத்தது. கரும்பலகையில் மூன்று 120, நான்கு 90, ஆறு 60 என்று எழுதிப் பெருக்கிப் பார்த்தார்கள். மூன்றுமே 360. ஐந்து பக்கத்துக்கு 72 என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பிரார்த்தனை முடிந்ததும் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏழு பக்கம் வரைய வேண்டுமாம். 51 கொடுத்தால் கடைசியில் சின்ன இடைவெளி விழுகிறது, 52 கொடுத்தால் தாண்டிப் போகிறது.

"51க்கும் 52க்கும் நடுவில் எண் ஏதாவது இருக்கிறதா டீச்சர்?"