ஸ்காடாச் சொற்களை இரணைமடுவில் வைத்துப் படிப்போம்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிற தம்பி தங்கைகளிடம், தொலைவில் நிற்கிற கருவிகளை ஓர் அறையிலிருந்தே பார்த்துக் கட்டுப்படுத்துகிற ஸ்காடா முறை பற்றிக் கேட்டால் ஆர்.டி.யூ., பி.எல்.சி., எச்.எம்.ஐ. என்று மடமடவென ஒப்புவிப்பார்கள். சரி, குளத்து நீர்மட்டம் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு எந்த வழியால் வந்து சேருகிறது என்று கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரேயொரு அளவீட்டின் பின்னாலேயே நடந்து போங்கள், சொற்கள் எல்லாம் வழியில் தானாக வரும். அதற்கு எங்களுக்கு இரணைமடுக் குளத்தைவிட நல்ல இடம் எது?

கனகராயன் ஆறு நிரப்புகிற குளம், முழு மட்டம் 36 அடி. மாரி தொடங்கினால் 'இப்ப எத்தினை அடி?' என்பதுதான் கிளிநொச்சியில் எல்லோர் வாயிலும். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த எண்ணின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. படிப்பதற்காக நாங்களே மனதில் ஒரு கருவியை அங்கே வைப்போம்: 0 முதல் 40 அடி வரை அளக்கிற ஓர் அழுத்த டிரான்ஸ்மிற்றர், குளத்தின் அடியில். மேலே நிற்கிற தண்ணீரின் அழுத்தத்தை அது மின்னோட்டமாக்கி வயரில் அனுப்பும். 0 அடி என்றால் 4 மில்லியம்பியர், 40 அடி என்றால் 20. அப்படியானால் 36 அடிக்கு 18.4.

ஏன் பூச்சியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குகிறார்கள்? என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிக அழகான யோசனை இதுதான். வயர் அறுந்தாலும் மின்னோட்டம் பூச்சியம்தான். காலி என்பதற்கும் பூச்சியம் என்று வைத்திருந்தால், குளம் வற்றியதா எலி வயரைக் கடித்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இப்போது 4 வந்தால் குளம் காலி, 0 வந்தால் வயரைப் போய்ப் பார். வேலைக்குப் போனதும் மல்ரிமீற்றரை அந்தச் சுற்றில் தொடராக இணைத்துப் பாருங்கள், அங்கே 18.4 சரியாக வந்து, திரையில் மட்டும் வேறு எண் நின்றால் கருவியைக் கழற்றாதீர்கள், மில்லியம்பியரை அடியாக மாற்றுகிற ஸ்கேலிங்கை முதலில் பாருங்கள்.

அந்த மின்னோட்டம் வந்து சேருகிற பெட்டிதான் ஆர்.டி.யூ. சோலார் தகடும் பற்றரியுமாகக் காட்டோரத்தில் தனியாக நின்றுகொண்டு, அளவை இலக்கமாக்கி, ரேடியோவிலோ தொலைபேசி வலையமைப்பிலோ மையத்துக்கு அனுப்பும். மையம் சுற்றுமுறையில் ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டு வாங்குவது போலிங். மாற்றம் இருந்தால் மட்டும் பெட்டி தானாகச் சொல்வது இன்னொரு முறை, பற்றரிக்கும் நல்லது. ஆனால் வாடைக்காற்றில் குளத்தில் அலை அடிக்கும்போது மட்டம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் செய்தி அனுப்பினால் என்ன ஆவது? அதற்குத்தான் டெட்பாண்ட்: கடைசியாகச் சொன்ன எண்ணிலிருந்து இவ்வளவு மாறினால்தான் வாய் திறப்பேன் என்ற எல்லை. அதைக் கூட்டி வைத்தால் வெள்ளம் ஏறுவது பிந்தித்தான் தெரியும், குறைத்து வைத்தால் தேவையில்லாத செய்திகள் குவியும். அடியில் சின்னத் துளையுள்ள குழாய் ஒன்றைக் குளத்தில் நிறுத்தி அதற்குள் கருவியை வைத்தால் அலையின் தொல்லை பாதி அங்கேயே தீரும்.

இணைப்பு அறுந்தால் பல திரைகளில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். 34 அடி என்று நிற்கிறது, எத்தனை மணிக்கு வந்த 34? அதனால்தான் ஒவ்வொரு அளவீட்டோடும் நேர முத்திரையும், இந்த எண்ணை நம்பலாமா என்று சொல்கிற தரக் குறியீடும் சேர்ந்து வரவேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். பழைய எண் நிறம் மாறாமல் நிற்கிற திரையை நான் ஏற்கவே மாட்டேன், மழை இரவில் அது ஆட்களைக் கொல்லும்.

இயக்குபவர் பார்த்து அழுத்துகிற திரையான எச்.எம்.ஐ., பழைய அளவுகளைச் சேமிக்கிற ஹிஸ்டோரியன், அலாம் எல்லாம் பார்த்தாலே விளங்கும். ஒன்று மட்டும்: அலாமை ஏற்றுக்கொண்டேன் என்று பொத்தானை அழுத்துவதால் மட்டம் இறங்காது.

இனிக் கட்டுப்பாடு. வான்கதவு திறக்கக் கட்டளை அனுப்புவது வேறு, கதவு திறந்துவிட்டது என்பது வேறு. இரண்டாவதைக் கதவு எல்லைக்கு வந்ததும் தட்டுப்படுகிற, ஓரத்திலுள்ள லிமிற் சுவிச்சும் திறப்பளவுக் கருவியும்தான் சொல்லவேண்டும். கட்டளையும் இரண்டு படியாகப் போகும், முதலில் எந்தக் கதவு என்று தெரிவு, பெட்டி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் திற. கைதவறிப் பக்கத்துக் கதவு திறக்காது. அதைவிட முக்கியம் கதவடியில் இருக்கிற லோக்கல், ரிமோட் சுவிச். கிறீஸ் பூசுகிறவர் அதை லோக்கலில் வைத்தால் மையத்திலிருந்து யார் என்ன அழுத்தினாலும் கதவு அசையக்கூடாது. அதோடு மின்சாரத்தையும் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

நிற்கிற இடத்திலேயே முடிவெடுத்து இயக்குகிற கட்டுப்படுத்திதான் பி.எல்.சி., அதை விளங்க மன்னார்ப் பக்கம் பாருங்கள். தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள். இப்படியான காற்றாலை ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கென்று ஒரு கட்டுப்படுத்தி இருக்கும். பலத்த காற்றில் இதழைத் திருப்பி நிற்பது அதன் முடிவு, மையத்தோடு இணைப்பு இல்லாவிட்டாலும் நடக்கும். இவ்வளவு மெகாவாட்டுக்கு மேல் போகாதே என்ற செற்பொயின்ற் மட்டும் மேலிருந்து வரும். உயிர் காக்கிற முடிவைத் தொலைவில் வைக்காதீர்கள்.

கடைசியாக மோட்பஸ். இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென 1979இல் மொடிகொன் நிறுவனம் வெளியிட்ட மொழி, இன்றைக்கும் எங்கும் ஓடுகிறது, ஆனால் யார் பேசுகிறார் என்று அது கேட்பதே இல்லை. 2000ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கழிவுநீர் ஸ்காடாவைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தில் முன்பு வேலை செய்த ஒருவர் கணினியும் ரேடியோவும் வைத்துப் பம்பி நிலையங்களுக்குத் தானே கட்டளை அனுப்பினார். சுமார் 8 இலட்சம் லீற்றர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. எனவே இப்படியான கருவிகளை நேரே இணையத்தில் தொங்கவிடாதீர்கள், வேலையை விட்டவரின் கடவுச்சொல்லை அவர் போகிற அன்றைக்கே நீக்குங்கள்.