கொல்லைப் புளியையும் வாசல் வேம்பையும் ஆய்வாளரிடம் காட்டியது பற்றி

செட்டிநாட்டு வீடுகளைப் பராமரிப்பவர்களுக்கு, ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் மனப்பாடமாகத் தெரியும். உடைந்த நாட்டோட்டை மாற்றுவது, வளவின் (உள்முற்றத்தின்) தாழ்வாரத் தகரங்களில் அடைத்திருக்கும் சருகை வாருவது, தேக்கு உத்தரங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது என எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார். வீட்டின் வயதையொத்த மரங்களைப் பார்க்க மட்டும் அப்படி ஒருவர் இல்லை. சந்தேகம் வந்தால் மரம் அறுப்பவரைக் கூப்பிடுகிறோம். அவர் அண்ணாந்து பார்த்து, "உள்ளே பொக்காப் போச்சு ஆச்சி, எடுத்துடலாம்" என்கிறார். விறகுக்கும் அறுவைக்கும் என்ன விலை போகும் என்ற பேச்சும் அதே மூச்சில் வந்துவிடுகிறது. அவருடைய தொழிலறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், மரம் விழுந்தால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ளவரிடம், மரம் நிற்குமா என்று கேட்பது சரியான கேள்வியாக எனக்குப் படவில்லை.

கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் வீடு, என் கணவரின் பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும்; முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் நிரம்பி வழியும். கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு பெரிய புளியமரம், முகப்புக்கு எதிரே ஒரு வேம்பு, பக்கவாட்டில் மாவும் தென்னைகளும், மதிலுக்கு வெளியே தெருவோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தோப்புகளைச் சாய்த்துவிட்டு எங்கள் பக்கமும் வந்து போனது முதல், புளியமரத்தை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு படைப்பிலும் எழுந்துகொண்டே இருந்தது. அதன் அடிமரத்தில் ஒரு பொந்து இருப்பது எல்லோருக்கும் தெரியும். எடுப்பதென்றாலும் காரணம் தெரிந்து எடுப்போம் என்று சொல்லி, வெட்டும் வேலையோடு தொடர்பில்லாத ஒரு மர ஆய்வாளரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம்.

அவர் வந்ததும் மரத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வீட்டைத்தான் முதலில் பார்த்தார். "ஆச்சி, இந்த மரத்தடியில் யார், எப்போது, எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இத்துறையில் அபாயம் என்பது மரத்தின் குறை மட்டும் அன்று. மரமோ கிளையோ முறியும் வாய்ப்பு எவ்வளவு, முறிந்தால் அது மனிதர் மீதோ கட்டடத்தின் மீதோ விழும் வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் சேதம் எத்தகையது என்ற மூன்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். ஆளற்ற புன்செய்க் காட்டில் நிற்கும் பட்டமரம் யாருக்கும் அபாயமில்லை. அதே மரம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் அன்றைக்கே நடவடிக்கை வேண்டும். இதைக் கேட்டபோதுதான், எங்கள் ஊர் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பது எனக்குப் புலப்பட்டது. பெரும்பாலான நாட்களில் எங்கள் புளியமரத்தின் கீழே காவற்காரரின் ஆடுகள்கூடப் படுப்பதில்லை. ஆனால் விசேஷ நாளில் சமையல் பந்தல் போடுவது அங்கேதான். விடியற்காலை முதல் இரவு வரை சமையற்காரர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் அந்த நிழலை விட்டு நகர்வதே இல்லை. ஆண்டு முழுவதற்குமாகச் சராசரி பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும் இடம், அந்தச் சில நாட்களில் ஊரிலேயே நெரிசல் மிகுந்த இடமாகிவிடுகிறது.

ஆய்வு மூன்று படிகளில் அமைகிறது. தெருவோர மரங்களைப் போலப் பல மரங்களை நடந்தபடியே பார்த்துச் செல்வது முதல் படி. ஒரு மரத்தை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து, வேர்முண்டு (அடிமரம் வேராகப் பிரியும் இடம்) முதல் கொண்டை வரை பார்த்து, தட்டியும் குத்தியும் அளந்தும் எழுதுவது இரண்டாம் படி. வீட்டு மரங்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஐயம் தீராவிட்டால் மட்டுமே கருவிகள் வருகின்றன: அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒலி மரத்தினுள் பாயும் வேகத்தைக் கொண்டு உள்ளழுகலைப் படமாக்குவது ஒரு முறை, மெல்லிய ஊசியைச் செலுத்தி, மரம் காட்டும் எதிர்ப்பைப் பதிவு செய்வது இன்னொரு முறை. அமெரிக்காவில் 1924இல் தொடங்கிய இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் என்ற மரப் பராமரிப்பு அமைப்பு இதற்கெனத் தனித் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. அதைப் பெற்றவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே என்பதால், ஆளைத் தேடுவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

புளியமரத்தை அவர் சற்றுத் தொலைவிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தார். பிறகு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். ஒலி மாறும் இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். நம் வனத்துறையினர் செய்வது போலவே தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்தார். பொந்தினுள் கம்பியை விட்டு, எஞ்சியிருக்கும் கெட்டி மரத்தின் கனத்தைப் பல இடங்களில் அளந்தார். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மத்தெக், முறிந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டு ஒரு விகிதத்தைச் சொல்லியிருக்கிறார். உள்ளீடற்ற மரத்தின் எஞ்சிய சுவர், அடிமரத்தின் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்குக்குக் குறையும்போது முறிவு கூடுகிறது என்பது அதன் சாரம். ஆரம் 45 சென்டிமீட்டர் என்றால், சுற்றிலும் 13 அல்லது 14 சென்டிமீட்டர் கெட்டி மரம் இருக்க வேண்டும். வாய் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் எங்கள் ஆய்வாளரே சொன்னார். வளையம் ஓரிடத்தில் அறுந்துவிட்டால் அதன் வலு குறையும். விகிதம் ஒரு வழிகாட்டியே தவிர தீர்ப்பு அன்று. எங்கள் புளியின் பொந்து வாய் சிறியது, சுவர் தாராளமானது, விளிம்புகளில் புதுமரம் மடிந்து வளர்ந்து தடித்திருக்கிறது. மரம் நிற்கலாம் என்றார். சமையற்கட்டின் ஓட்டுக்கூரைக்கு மேலே நீண்டு, தன் நுனிப் பாரத்தால் வளைந்திருந்த ஒரு கிளையை மட்டும் குறைக்கச் சொன்னார்.

அடுத்து அவர் சொன்னதைக் கணவரின் பெரியப்பச்சி (பெரியப்பா) உட்பட ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. விசேஷத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டுவது வழக்கமாக அந்த மரத்தின் வடபுறம். அந்தப் பக்கத்துப் பட்டை வெந்து கழன்று, அதன் கீழே வேர் ஒன்று செத்திருந்தது. அடுப்புக்காகத் தோண்டும் பள்ளம் மேல்வேர்களை அறுக்கிறது. வெக்கை பட்டைக்கடியிலுள்ள உயிருள்ள படலத்தைக் கொல்கிறது. அந்தக் காயத்தின் வழியே அழுகல் நுழைகிறது. செட்டிநாட்டு மண்ணில் இது இன்னும் மோசம். சிறிது ஆழத்திலேயே செம்புராங்கல் தட்டுவதால் வேர்கள் பல இடங்களில் கீழே போக வழியின்றிப் படர்ந்தே நிற்கின்றன. எந்த மண்ணிலும் மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல் அரை மீட்டர், முக்கால் மீட்டருக்குள் இருக்கும். எங்கள் ஊரில் அதுவே மரத்தின் முழு மூலதனம். ஆகவே அடுப்பையும் பந்தலையும் மாட்டுத்தொழுவம் இருந்த பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். மரத்தைத் தொடாமலேயே அபாயம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. மரத்தை நகர்த்த முடியாது, மனிதரை நகர்த்தலாம் என்பது இத்துறையின் முதற்பாடம் போலும்.

வாசல் வேம்பின் கதை வேறு. அடர்ந்த பச்சை, ஆடிக்காற்றில் சுகமான நிழல், மாரியம்மனுக்குரிய மரம் என்ற மரியாதை. அதன் மீது யாருக்கும் ஐயமே இருந்ததில்லை. ஆய்வாளர் வேர்முண்டில் குந்தி நெடுநேரம் இருந்தார். கழிவுநீர்க் குழாய் பதிக்கவும், பிறகு சிமெண்ட் கல் பாவவும் ஒரு பக்கம் தோண்டியதில் பெருவேர்கள் அடியோடு ஒட்ட அறுபட்டிருந்தன. அந்த இடத்தில் தட்டு தட்டாகக் காளான் விட்டிருந்தது. எதிர்ப்புறம் கல் தளம் லேசாக மேலெழும்பியிருந்தது. இலை பச்சையாக இருப்பது, நீரேறும் வெளிமரம் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. உள்மரத்தின் வலிமையையோ வேரின் பிடிப்பையோ அது காட்டாது. வடகிழக்குப் பருவமழையில் மண் நாட்கணக்கில் ஊறிய பிறகு அடிக்கும் காற்றுக்கு, பிடிப்பில்லாத மரம் பெயர்ந்து சாய்கிறது. அது சாயக்கூடிய திசையில் இருப்பது எங்கள் முகப்புத் திண்ணை, வாடகைக் கார்கள் நிற்கும் இடம், தெரு ஆகிய மூன்றும். மழைக்கு முன் இதை எடுத்துவிட வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார்.

வேம்பு காய்ந்துபோனால் செத்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மழைக்காலத்தை ஒட்டி நுனிக்கிளைகள் கருகித் தொங்கும் நோயைத் தமிழ்நாடெங்கும் பார்க்கிறோம். போமாப்சிஸ் என்ற பூஞ்சையும் தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் துளிர்க்கின்றன. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் அந்த மரத்தை விட, அழகாக நின்ற எங்கள் மரம்தான் ஆபத்தானது.

தென்னைகளுக்கு அதிக நேரம் செலவாகவில்லை. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று பார்த்தார். கானோடெர்மா பூஞ்சையால் வரும் தஞ்சாவூர் வாடல் நோயின் அறிகுறி அது. கொண்டையில் சிவப்புக் கூன்வண்டின் துளை இல்லை. முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் நாள் தவறாமல் இறக்கினால் போதும். மாமரத்தில் புல்லுருவி படர்ந்த கிளைகளை, புல்லுருவிக்குக் கீழே சற்று இறங்கி வெட்டச் சொன்னார்.

கிளை கழிப்பதில் ஒரு சொல். மின்கம்பிக்காகவோ பயத்திலோ மரத்தின் தலையை மொட்டையடிப்பது எங்கள் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அவ்வாறு வெட்டிய இடத்தில் ஒரே கொத்தாகக் கிளம்பும் போத்துகள் உள்மரத்தில் ஆழ ஊன்றாமல் மேலோட்டமாக ஒட்டி வளர்கின்றன; சில ஆண்டுகளில் அவை தடித்துப் பாரமேறும்போது, முன்பு இல்லாத அபாயத்தை நாமே உண்டாக்கியிருப்போம். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போல் தடித்திருக்கும் பகுதியை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளையென்றால் முதலில் சற்றுத் தள்ளி அடிப்புறமாக ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து ஒன்று, கடைசியில் மோதிரத்தை ஒட்டி ஒன்று. இல்லையேல் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தாரோ பெயிண்டோ பூசத் தேவையில்லை.

மதிலுக்கு வெளியேயுள்ள தூங்குமூஞ்சி எங்களுடையது அன்று. பொது நிலத்து மரத்தில் கிளையை வெட்டவும் உரிய அனுமதி வேண்டும். மாவட்டந்தோறும் இதற்கெனப் பசுமைக் குழு இருக்கிறது. பனையென்றால் சொந்த நிலமானாலும் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டலாகாது என்று 2021இல் அரசு அறிவித்தது. மின்கம்பி அருகிலென்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும்.

ஆய்வாளரைத் தேடுபவர்கள், அவர் எழுத்தில் அறிக்கை தருவாரா, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் படமும் குறிப்பும் இருக்குமா, எத்தனை காலத்துக்கு அந்தக் கணிப்பு செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மரம் விழவே விழாது என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம். எங்களுக்கு வந்த அறிக்கையில், இது இன்றைய நிலைக்கு மட்டுமே பொருந்தும், ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் மறுபடி பார்க்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. கட்டணம் ஓட்டுவேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை; அதைப் புள்ளிக்கணக்கில், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பகிர்ந்துகொண்டோம்.

வேம்பை எடுப்பதற்கான பங்காளிகளின் கையெழுத்து இன்னும் முழுமையாகவில்லை. பெரியப்பச்சி ஒருவர் மட்டும் தயங்குகிறார். வெட்டும் முன் பூசை போட்டு, மதிலிலிருந்து போதிய தூரத்தில் ஒரு கன்று நட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறோம். அதுவரை அந்தப் பக்கம் கார் நிறுத்த வேண்டாம் என்று காவற்காரரிடம் சொல்லிக் கயிறு கட்டியாகிவிட்டது. தூங்குமூஞ்சியைப் பற்றிய மனுவை, அறிக்கையில் அந்த மரத்தைப் பற்றிய பக்கத்தை இணைத்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம்.