ஒரே பேக், பத்துத் தாள்: இன்ஸ்டன்ட் ஃபிலிம் பிராக்டிகல் எழுதப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. எடுத்த படம் கேமராவிலிருந்தே தாளாக வெளிவரும் இன்ஸ்டன்ட் ஃபிலிமில், பத்துத் தாள் உள்ள ஒரே பேக்கை வைத்து எடுக்கும் பிராக்டிகலில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். வாய்மொழித் தேர்வான வைவாவில்தான் கையை இறுக்கிவிட்டார்கள், அந்தப் புலம்பல் கீழே வரும். அதற்குள் அடுத்த பேட்ச் ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கேமரா வாங்கலாம்?

எது கிடைக்கிறதோ அது. என் கையில் இருந்தது ஃபுஜிஃபிலிமின் சின்ன இன்ஸ்டன்ட் கேமரா, இன்ஸ்டாக்ஸ் மினி 9, அதுவும் இரவல் வாங்கியது. பல்பு மோட் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பது), டபுள் எக்ஸ்போஷர் (ஒரே தாளில் இரண்டு படம்) எல்லாம் உள்ள மாடல் வைத்திருந்தவர்களில் சிலர் என்னைவிட மேலே, சிலர் கீழே. பொத்தான்களை எண்ணி யாரும் மார்க் போடவில்லை.

விதிமுறை தெரிந்ததுதான். பத்துத் தாளும் எடுத்த வரிசையிலேயே, வீணானதும் சேர்த்து, ஆல்பத்தில் போக வேண்டும். அதனால் நூறு எடுத்து நாலு பொறுக்குகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். மற்ற அறிவுரைகளை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, நான் சொல்ல வருவது ஒரே விஷயம்: தூரம்.

மினி 9-இல் உங்களால் மாற்ற முடிவது என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி, மாறாது. ஃபிலிமின் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ 800, மாறாது. ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் அடிக்கும், நிறுத்த வழியில்லை. முன்னால் உள்ள வளையத்தைத் திருப்பினால் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் மட்டும் எஃப் 12.7, 16, 22, 32 என்று மாறும் (எண் கூடினால் துளை சிறுக்கும்), அதையும் எங்கே வைக்க வேண்டுமென்று ஒரு விளக்கு எரிந்து காட்டிவிடும். மீதி என்ன இருக்கிறது? நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே இருப்பவர் எங்கே நிற்கிறார், அவருக்குப் பின்னால் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவை, கால் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஃப்ளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று தியரியில் எல்லோரும் எழுதுவோம். ஃபிலிம் தாளில் அது எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் உறைக்கும். முகம் கேமராவிலிருந்து 1 மீட்டரில், சுவர் 2 மீட்டரில் இருந்தால் சுவருக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒளி பாதியானால் ஒரு ஸ்டாப்). சுவர் 4 மீட்டரில் இருந்தால் பதினாறில் ஒரு பங்கு, நாலு ஸ்டாப். வெளிச்ச வித்தியாசத்தை இன்ஸ்டன்ட் ஃபிலிம் தாங்கும் அளவு சின்னது, நாலு ஸ்டாப் கீழே போனால் அங்கே சுவர் இருந்ததற்கு அடையாளமே இருக்காது, கறுப்பு மட்டும்தான். அறையில் லைட் எரிகிறதே என்று கேட்பீர்கள். எஃப் 12.7, 1/60-க்கு வீட்டு டியூப் லைட் எல்லாம் ஒரு கணக்கே இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறை, ஃபிலிமுக்கு ஏறக்குறைய இருட்டு.

இதை நான் பிடித்தது பயிற்சி பேக்கில். அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் மாஸ்கிங் டேப்பால் கோடு போட்டுக்கொண்டு, நாற்காலியை மட்டும் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்துக்கொண்டே வந்தேன், கூடவே நானும் பின்வாங்கினேன், அதனால் எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் மாறவில்லை. தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. சுவர் மட்டும் முதல் தாளில் வெள்ளை, அடுத்ததில் சாம்பல், அதற்கடுத்ததில் அழுக்குப் பழுப்பு, கடைசியில் தலைமுடி எது, பின்னணி எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படிப்படியாகக் காணாமல் போகிறது. அந்த வரிசையை அப்படியே நோட்டில் ஒட்டி வைத்தேன். பரீட்சைக்கு முந்தைய நாள் நான் புரட்டினது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

அதிலிருந்து எடுத்துக்கொண்ட அளவுகள்:

- முகம் 1.2 முதல் 1.5 மீட்டருக்குள்.
- பின்னணி முகத்துக்குப் பின்னால் அரை மீட்டர் அளவில். ரொம்ப ஒட்டினால் ஃப்ளாஷின் நிழல் கழுத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடாக விழும்.
- 0.6 மீட்டருக்குள் போக வேண்டாம், ஃபோகஸ் இருக்காது, முகமும் வெளுத்துவிடும். ஃப்ளாஷ் தானாகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்தான், அதை நம்பிக் கிட்டே போகாதீர்கள்.
- 2.7 மீட்டருக்கு அப்பால் ஃப்ளாஷ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- குரூப் எடுத்தால் எல்லோரையும் உங்களைச் சுற்றி ஒரு வில் மாதிரி நிறுத்துங்கள். இரண்டு வரிசை போட்டால் முன்வரிசை வெளுக்கும், பின்வரிசை மங்கும்.

வேறு மாடல் என்றால் எண்கள் மாறும். மினி 12-க்கு ஃப்ளாஷ் 2.2 மீட்டர் வரைதான், கிட்டத்தில் 0.3 வரை போகலாம். கையேட்டைப் பார்த்து உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ஒரு காலடி எத்தனை செ.மீ. என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சை நடக்கும் இடத்தில் டேப்பை விரித்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும்.

வெளியே பகல் வெளிச்சத்தில் கதை வேறு. அங்கே சூரியன் எல்லாவற்றுக்கும் சமமாக அடிக்கிறது, பின்னணி கறுக்காது. ஆனால் ஜன்னலையோ வானத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால், கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மற்றதை இருட்டாக்கும். ஃப்ளாஷ் எட்டும் தூரத்தில் ஆள் இருந்தால் முகம் தப்பிக்கும், இல்லாவிட்டால் நிழலுருவம்தான். இங்கேயும் பாருங்கள், தூரம்தான். (நண்பன் இதைப் படித்துவிட்டு "உனக்கு எதைக் கேட்டாலும் ஒரே பதில்" என்றான். சரி, இருக்கட்டும்.)

பரீட்சையில் "இடம்" என்று ஒரு பிரிவு, "பொருள்" என்று ஒரு பிரிவு உண்டு. "இடம்" பிரிவுக்கு வெறும் நிலக்காட்சி எடுக்காதீர்கள். மினி தாளில் படம் விழும் பரப்பு 62-க்கு 46 மி.மீ., அதில் தூரத்து மலையும் மரமும் சேறு மாதிரி கலந்துபோகும். 2 மீட்டருக்குள் ஏதாவது ஒன்று, ஒரு கேட், ஒரு சைக்கிள், ஒரு கை, முன்னால் இருந்தால் படம் நிற்கும்.

"பொருள்" பிரிவில்தான் பலர் மார்க்கை விட்டார்கள். காரணம் வ்யூஃபைண்டர். நீங்கள் பார்க்கும் ஓட்டை வேறு, படம் எடுக்கும் லென்ஸ் வேறு, இரண்டுக்கும் நடுவில் சில சென்டிமீட்டர் இடைவெளி. தூரத்தில் அது தெரியாது. கிட்டே போனால் நடுவில் வைத்த கோப்பை ஓரத்துக்குப் போய் அரைக் காதோடு நிற்கும். வைத்தியம் சுலபம்: கண்ணை வைத்து நடுவில் அமைத்துக்கொண்டு, பிறகு வ்யூஃபைண்டர் லென்ஸுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கேமராவை அந்த இடைவெளி அளவுக்கு நகர்த்துங்கள். திருப்பக் கூடாது, நகர்த்த வேண்டும். கண் இருந்த இடத்துக்கு லென்ஸ் வந்துவிடும், அப்போது அழுத்துங்கள். குளோஸ்-அப் லென்ஸ் மாட்டினால் 35 முதல் 50 செ.மீ. வரை எடுக்கலாம், அங்கே இந்த நகர்த்தல் இல்லாமல் ஒன்றும் தேறாது.

பேக் போடும்போது:

- கேமராவின் மஞ்சள் கோட்டோடு பேக்கின் மஞ்சள் கோடு. பேக்கின் இரண்டு பக்கத்தையும் பிடியுங்கள், நடுவில் அழுத்தாதீர்கள்.
- முதல் அழுத்தலுக்குக் கறுப்பு மூடிதான் வரும். அதுவரை மிச்சத் தாள் எண் 'எஸ்' என்று காட்டும், அப்புறம் 10.
- தாள் தீரும்வரை பின்கதவைத் திறக்காதீர்கள். பக்கத்து மேசையில் ஒருவர் சும்மா எட்டிப் பார்த்தார், வெளிச்சம் பட்டு மிச்சம் இருந்த தாள்கள் எல்லாம் போயின.
- புது பேட்டரி. பழசு என்றால் ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், எதிரே இருப்பவர் சிரிப்பு காய்ந்துவிடும்.
- தாள் வெளிவரும் வாயில் விரல் வைக்காதீர்கள். லென்ஸ் மேலேயும் ஃப்ளாஷ் மேலேயும் விரல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தாலும் வ்யூஃபைண்டரில் தெரியாது.

வந்த தாளை ஆட்டாதீர்கள், இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பதற்றத்தில் கை தானாக ஆடுகிறது. ஓரத்தைப் பிடித்து மேசையில் வையுங்கள், வேறு வேலை பாருங்கள். இன்ஸ்டாக்ஸ் ஒன்றரை நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும். முதல் அரை நிமிடத்திலேயே "இருட்டாக வந்துவிட்டது", "வெளுத்துவிட்டது" என்று முடிவுகட்டி அடுத்த தாளை அழுத்துவது வீண், நிறம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

இன்ஸ்டாக்ஸுக்குப் பதில் போலராய்டு (இன்னொரு நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் கேமரா) எடுத்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. பேக்கில் எட்டுத் தாள், எங்கள் பிரிவில் அதற்கேற்ப விதியைத் தளர்த்தினார்கள். கலர் தாள் முழுசாகத் தெளிய கால் மணி நேரம் ஆகும், வெளிவந்த உடனே வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். 13 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் வேலை செய்யும் ஃபிலிம் அது, குளிர்ந்தால் வெளிறி நீலம் தட்டும், சூடானால் மஞ்சளும் சிவப்பும் ஏறும். புள்ளிப் புள்ளியாக ஒரே இடைவெளியில் கறை வந்தால் ரோலரைத் துடையுங்கள். போலராய்டின் ஐ-டைப் பேக்கில் பேட்டரி கிடையாது, பேக்கின் பேட்டரியில் ஓடும் பழைய 600 கேமராவில் போட்டால் கேமரா எழுந்திருக்காது. வாங்கும் முன் உறையைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் மெதுவான ஆள். ஒரு தாளுக்கு முன் நின்று யோசித்து, ஆளை நகர்த்தி, மறுபடி நகர்த்தி, அதற்குள் அவர் சலித்துப்போய்த் தானாகவே முகத்தை இயல்பாக்கிக்கொள்வார், அந்த நேரம் பார்த்து அழுத்துவேன். இது எல்லோருக்கும் ஒத்துவராது. ஓடிக்கொண்டே எடுப்பவர்கள், குழந்தைகளை எடுப்பவர்கள் இப்படி நின்றால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் ஒரே தூரத்தைப் பழகிக்கொண்டு, 1.5 மீட்டர் என்று கண்ணுக்குப் பழக்கிவிட்டு, அது வரும்போதெல்லாம் அழுத்தலாம். எனக்கு அது கைவரவில்லை, அதனால் அதிகம் சொல்லவில்லை.

வைவா. உள்ளே போனதுமே ஒருவர் கேமராவைத் தூக்கிப் பார்த்து "பொம்மை" என்றார். அதற்குப் பிறகு தாள்களை யாரும் கையில் எடுக்கவில்லை, முழுக்க வரலாறும் வேதியியலும்தான். படத்துக்கு மார்க் வேறு, வைவாவுக்கு மார்க் வேறு என்பதால் தப்பித்தேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை, சரி, உங்களுக்காவது உதவட்டும். இவை கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்:

போலராய்டை நிறுவிய எட்வின் லேண்ட் உடனடிப் படத்தை முதலில் செய்து காட்டியது 1947 பிப்ரவரி 21, நியூயார்க்கில். அவருடைய முதல் இன்ஸ்டன்ட் கேமரா மாடல் 95 விற்பனைக்கு வந்தது 1948 நவம்பர் 26, பாஸ்டனில். எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று மகள் கேட்டதில் யோசனை பிறந்தது என்பார்கள், அதையும் கேட்டார்கள். போலராய்டின் எஸ்.எக்ஸ்-70 கேமரா வந்தது 1972. இன்ஸ்டாக்ஸ் மினி 1998. போலராய்டு 2008-இல் ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தது, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையை இம்பாசிபிள் என்ற குழுவினர் எடுத்து 2010-இல் புது ஃபிலிம் விட்டார்கள்.

தாளின் அடியில் பட்டையாக இருக்கும் வெள்ளை ஓரம் எதற்கு? வேதிக்குழம்பு இருக்கும் பை அங்கேதான் ஒளிந்திருக்கிறது, ரோலர் அதை நசுக்கிப் படலங்களுக்கு நடுவே பரப்புகிறது. இதை எல்லோரிடமும் கேட்டார்கள்.

என்னை மடக்கப் பார்த்த கேள்வி: போலராய்டு கேமராவுக்குள் படத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி இருக்கிறது, இன்ஸ்டாக்ஸ் மினியில் இல்லை, ஏன்? போலராய்டு தாளில் ஒளி விழும் பக்கமும் நாம் பார்க்கும் பக்கமும் ஒன்றே, அதனால் கண்ணாடி வைத்துத் திருப்பாவிட்டால் இடவலம் மாறிவிடும். இன்ஸ்டாக்ஸ் தாளில் ஒளி பின்பக்கம் விழுகிறது, நாம் முன்பக்கம் பார்க்கிறோம், தானாகவே நேராகிவிடும். தாளைத் திருப்பி அந்தக் கறுப்பு முதுகைக் காட்டிச் சொன்னேன், அப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் தாளைக் கையில் வாங்கினார்.

ஆல்பத்தில் ஒட்டும்போது மூலைப் பிடிகள் போட்டாலே போதும், பசை வேண்டாம். பக்கத்தில் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரிக்காதீர்கள், படலங்கள் பிரிந்துவிடும், உள்ளே இருப்பது காரப் பொருள், கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.